மேய்ப்பரை அனுப்புவது யார்?

(கவரைப்பேட்டையில் நடைபெற்ற பகுத்தறிவுப் பிரசாரப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி கிறிஸ்தவ மேற்றிராணியார்களின் நியமனத்தைப் பற்றியதாகும். வழக்கமாகக் கோயிலைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் பேசுகிறவன் இன்றைக்கு ஏன் மாதாகோயில் பக்கம் திரும்பிவிட்டான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேறு சிலரோ, "இவர்களுக்கு இந்து மதத்தைத்தான் திட்டத் தெரியும், மற்ற மதத்தைத் தொடுவார்களா?" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். இந்த இரு கூட்டத்தாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இருக்கட்டும் என்றுதான் இதை எடுத்துக் கொண்டேன். எங்களுக்கு எந்த மதத்தின் பேரிலும் தனி விரோதமும் கிடையாது, தனிக் காதலும் கிடையாது. மனிதனை மனிதன் மிதிப்பதற்கு எது ஏணியாக இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுகிறோம். அவ்வளவுதான்.

கவரைப்பேட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், நிரம்பச் சம்பந்தமுண்டு. இங்கிருந்து கிழக்கே பழவேற்காடு இருக்கிறது. போர்ச்சுகீசியர் அங்கே வந்து இறங்கியதும், மகிமை மாதா கோயில் ஏற்பட்டதும், பிறகு 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிக்கொண்டதும் உங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரமே. இனித் தெற்கே ரயிலேறிச் சென்னைக்குப் போய், பாரிமுனைப் பக்கம் நடந்தீர்களானால் அரண்மனைக்காரத் தெரு என்று ஒரு தெரு வரும். அங்கே எந்த ராஜாவின் அரண்மனையும் கிடையாது. ஆர்மீனியர் என்ற ஜாதி வியாபாரிகள் அங்கே குடியிருந்தார்கள். ஆர்மீனியன் என்ற சொல் நம் ஜனங்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது! அவர்களில் ஊஸ்கான் என்ற ஒரு வியாபாரிதான் 1726-இல் சைதாப்பேட்டை ஆற்றுக்கு முதன்முதலில் பாலம் கட்டிவைத்தவர். ஆர்மீனிய பாஷையில் உலகத்திலேயே முதல் பத்திரிகை அச்சானதும் 1794-இல் நம் சென்னையில்தான். அவர்களுடைய கோயில் இன்றும் அத்தெருவில் இருக்கிறது. அந்த ஆர்மீனியரிடத்திலிருந்தே கதையை ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. உங்களில் அநேகர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள். உங்கள் கம்பெனிக்கு ஒரு புது மேனேஜர் வருகிறார். அவரை அனுப்புகிறவன் எங்கோ வேறு ஊரிலோ, வேறு தேசத்திலோ இருக்கிறான். உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? இல்லை. ஏன் என்றால், முதல் போட்டவன் அவன், ஆகையால் அவன் இஷ்டம் என்கிறார்கள். அது முதலாளி நியாயம். அந்த நியாயத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசிக் கொள்ளலாம். ஆனால் மதம் என்கின்ற கம்பெனியிலே முதல் போட்டவன் யார்? உண்டியலில் போட்டவன் நீங்கள். கல்லும் மண்ணும் சுமந்தவன் நீங்கள். அறுவடையில் பங்கு அளந்தவன் நீங்கள். அப்படியிருக்க, அங்கேயும் மேனேஜர் மாத்திரம் வெளியூரிலிருந்து வருவானேன்? இந்த ஒரு கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆர்மீனியா என்பது கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவிலுள்ள மலைநாடு. அந்தக் காலத்தில் அதற்கு மேற்கே ரோம ராஜ்யம், கிழக்கே பாரசீக ராஜ்யம். இரண்டு எருமைகளுக்கு நடுவே அகப்பட்ட புல்லைப்போல அந்த நாடு இருந்தது. நாலாம் நூற்றாண்டின் துவக்கத்தில் திரிதாத் என்ற அதன் அரசன் கிறிஸ்தவனானான். அரசன் ஆனான், ஆகவே நாடும் ஆயிற்று. ஜனங்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் தலைமைக் குருவாகக் கிரிகோரி என்பவர் ஏற்பட்டார். அவர் தாமாகக் குருவாகி விட முடியுமா? முடியாது. ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒரு மேற்றிராணியார் தலையின்மேல் கைவைத்தால்தான் இன்னொருவர் மேற்றிராணியார் ஆகலாம் என்பது கிறிஸ்தவ மதத்தின் சட்டம். அந்தக் கை இயேசுவின் சீஷர்களிடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருகிறதாம். ஆதலால் கிரிகோரி, ரோம ராஜ்யத்துக்குட்பட்ட செசரியா என்ற பட்டணத்துக்குப் போய், அங்கிருந்த மேற்றிராணியார் கையால் பட்டம் பெற்று வந்தார். அதன் பிறகு 374 வாக்கு வரைக்கும் ஆர்மீனியாவின் தலைமைக்குரு அந்தச் செசரியாவுக்குப் போய்த்தான் பட்டம் வாங்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

வேதமோ கிரேக்க பாஷையிலும், சுரியானி பாஷையிலும் படிக்கப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்த குடியானவனுக்கு ஒரு எழுத்தும் புரியாது. அவன் பாஷைக்கு எழுத்தே அப்பொழுது கிடையாது. 405 வாக்கில் மாஷ்டோட்ஸ் என்ற ஒரு பெரியவர் அதற்கு எழுத்தை உண்டாக்கிக் கொடுத்தார். தலைவனும் வெளியூர்க் கைக்குள்ளே, வேதமும் வெளியூர்ப் பாஷையிலே என்றால் குடியானவன் பாடு என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மூர்க் கோயிலில் அர்ச்சகர் வாய்க்குள் முணுமுணுக்கும்போது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அனுபவமே போதும்.

வேடிக்கை இனிமேல்தான். 428-இல் பாரசீக அரசன் ஆர்மீனிய ராஜாவைத் தள்ளிவிட்டான். கூடவே அந்நாட்டுத் தலைமைக் குருவான சகாக் என்பவரையும் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, தனக்கு வேண்டிய ஒருவரை உட்கார வைத்தான். அதற்குப் பிறகு பிர்கீஷோ என்றும், சாமுவேல் என்றும் சுரியானி தேசத்தார் இருவரை ஒருவர்பின் ஒருவராகக் குருவாக்கினான். தோழர்களே! பாரசீக அரசன் எந்த மதத்தவன்? நெருப்பை வணங்குகிறவன். நெருப்பை வணங்குகிறவன் கிறிஸ்தவனுக்குக் குருவை நியமித்தான்! அவனுக்கு அந்தக் குரு மோட்சத்துக்கு வழிகாட்டுவாரா என்பதைப் பற்றிக் கவலை இல்லை. அந்தப் பீடத்தில் உட்கார்ந்தவன் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள், அந்த நாற்காலி பகைவன் கைக்குப் போகக்கூடாது என்பதுதான் கவலை. மதத்தின் உண்மையான உபயோகம் என்ன என்பது பக்தனுக்குத் தெரியாவிட்டாலும் ராஜாவுக்கு நன்றாய்த் தெரியும்.

இறக்கப்பட்ட சகாக் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரா என்றால் அதுவும் இல்லை. அவர் அந்தக் கிரிகோரியின் வமிசம். அவர் தகப்பனாரும் அதே பதவியிலிருந்தவர். நம் ஊர் மிராசு அர்ச்சகர் சங்கதிதான்.

இது ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய அந்நிய தேசத்துக் கதையல்லவா, நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். இதே கதை, இதைவிட மோசமாக, நம் மேற்குக் கரையிலே நடந்திருக்கிறது. அதன் ஒரு முக்கியமான கட்டம் நம் மயிலாப்பூரிலேயே நடந்திருக்கிறது.

மலையாளத்தில் சுரியானிக் கிறிஸ்தவர்கள் என்று ஒரு கூட்டத்தார் வெகுகாலமாய் இருந்து வருகிறார்கள். தோமா என்ற சீஷர் 52-ஆம் வருஷம் நேரில் வந்து தங்கள் முன்னோரை மதத்தில் சேர்த்ததாக அவர்கள் சொல்லிக் கொள்கிறார்கள். அதற்குச் சரித்திர ஆதாரம் இல்லை என்றாலும், பல நூற்றாண்டுகளாக இருக்கிறவர்கள் என்பது நிஜம். இவர்களுக்கு மேற்றிராணியார் எங்கிருந்து வந்தார்? பாரசீகப் பக்கத்துச் சுரியானிச் சபைத் தலைவர் அங்கிருந்து அனுப்பி வைப்பார். வருகிறவருக்கு மலையாளம் தெரியாது, ஜனங்களுக்குச் சுரியானி தெரியாது. அவர் பட்டம் கொடுப்பதற்கு மாத்திரம். உள்ளூர்க் காரியங்களையெல்லாம் பார்த்தவர் அர்க்கதியாக்கோன் என்ற உள்ளூர்த் தலைவர். அந்த உள்ளூர்த் தலைமையும் ஒரே குடும்பத்தில் மாமன் மருமகன் என்று வந்துகொண்டிருந்தது. கப்பல் வராமல் போனால் மேற்றிராணியாரும் இல்லை. 1490-இல் ஆள் அனுப்பி, "எங்களுக்கு மேற்றிராணியார் இல்லை, அனுப்பி வையுங்கள்" என்று கேட்டு, இருவரை வரவழைத்தார்கள். உள்ளூரில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தும், ஒரு "கை"க்காகக் கடல் தாண்டி ஆள் அனுப்ப வேண்டியிருந்தது!

1498-இல் போர்ச்சுகீசியர் வந்தார்கள். மிளகு வாங்க வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பையில் இன்னொரு சரக்கும் இருந்தது. கிழக்கு நாடுகளில் மேற்றிராணியார்களை யார் யார் என்று பெயர் சொல்லும் உரிமையைப் போப்பானவர் போர்ச்சுகல் ராஜாவுக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பாதுருவாதோ என்று பெயர். ராஜா கோயில் கட்டிக் கொடுப்பார், பாதிரிக்குச் சம்பளம் கொடுப்பார், அதற்குப் பதில் ஆளை அவர் சொல்லுவார். முதல் போட்டவன் மேனேஜரை நியமித்தான் என்று சொன்னேனே, அதுதான் இது. ஆனால் அந்த முதல் எங்கிருந்து வந்தது? நம் மிளகிலிருந்து, நம் துறைமுகச் சுங்கத்திலிருந்து.

சுரியானி தேசத்திலிருந்து வந்த கடைசி மேற்றிராணியாரான மார் ஆபிரகாம் என்பவர் 1597-இல் இறந்தார். உடனே கோவாவிலிருந்த ஆர்ச்பிஷப் மெனேஸஸ் என்பவர் 1599-இல் மலையாளம் வந்து, ஜூன் மாதம் உதயம்பேரூரில் ஒரு மாநாடு கூட்டினார். 153 குருக்களும், சுமார் 660 குடியானவர் பிரதிநிதிகளும் வந்தார்களாம். கேட்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீர்மானங்களெல்லாம் முன்கூட்டியே போர்ச்சுகீசிய பாஷையில் எழுதித் தயார் செய்யப்பட்டிருந்தன. மலையாளத்தில் மொழிபெயர்த்துப் படிக்கவேண்டியது, வந்தவர்கள் கையெழுத்துப் போடவேண்டியது. ஏழு நாளில் மாநாடு முடிந்தது. சுரியானிச் சபைத் தலைவரோடு இனி உறவில்லை என்று ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். அவர்களுடைய பழைய புஸ்தகங்களில் தப்பு இருக்கிறதென்று சொல்லி, வாங்கி நெருப்பில் போட்டார்கள். அதற்குப் பின் முதல் மேற்றிராணியாராக வந்தவர் பிரான்சிஸ் ரோஸ் என்ற ஸ்பெயின் தேசத்துச் சேசு சபைப் பாதிரியார்.

ஏட்டை நெருப்பில் போடுவது எந்த மதத்துக்கும் புதிதல்ல. எரிப்பதற்கென்றே அறிவு என்ன பாவம் செய்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஐம்பது வருஷம் இப்படிப் போயிற்று. உள்ளூர் அர்க்கதியாக்கோனுக்கும் சேசு சபை மேற்றிராணியாருக்கும் ஓயாத சண்டை. இந்தச் சமயத்தில், 1652-இல், அகத்தல்லா என்ற ஒரு சுரியானி மேற்றிராணியார் சூரத்தில் வந்திறங்கி, அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் அங்கிருந்த சேசு சபைப் பாதிரிகள் அவரைப் பிடித்து மடத்தில் அடைத்துவிட்டார்கள். தோமா சமாதி என்று சொல்லி மயிலைக்கு யாத்திரை வந்திருந்த மலையாளத்தார் சிலர் அவரைக் கண்டு, அவருடைய கடிதத்தை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மலையாளம் முழுவதும் தீப்பிடித்தது போலாயிற்று. "எங்களுக்கு வந்தவரை எங்களிடம் விடு" என்று கேட்டார்கள். போர்ச்சுகீசியரோ அவரைக் கப்பலேற்றிக் கோவாவுக்குக் கொண்டு போனார்கள். வழியில் கப்பல் கொச்சியில் நின்றபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி, ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடுகிறோம் என்று மன்றாடினார்கள். காட்ட மறுத்துவிட்டார்கள். அவரைக் கடலில் அமுக்கிக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியது. அவர் கடலில் எறியப்படவில்லை, கோவாவிலிருந்து அய்ரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆனால் அன்றைக்கு அந்த ஜனங்களுக்கு அது தெரியாது.

1653-ஆம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி மட்டாஞ்சேரியில் ஒரு கல் சிலுவையின் முன் கூடிச் சத்தியம் செய்தார்கள். இனி சேசு சபைப் பாதிரிகளுக்குக் கீழ்ப்படிவதில்லை என்பது சத்தியம். எல்லோரும் சிலுவையைத் தொட இடம் போதாமல் கயிற்றைக் கட்டி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும், பாரத்தால் சிலுவை சாய்ந்துவிட்டது என்றும் சொல்லி, கூனன் குரிசு சத்தியம் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே வருஷம் மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரண்டு சாதாரணக் குருக்கள் கூடி அர்க்கதியாக்கோன் தோமாவின் தலையில் கைவைத்து, "நீரே எங்கள் மேற்றிராணியார்" என்று சொல்லிவிட்டார்கள்.

தோழர்களே! கேட்கும்போது நமக்கே சந்தோஷமாய் இருக்கிறதல்லவா? "எங்கள் தலைவரை நாங்களே செய்து கொள்வோம்" என்று சொல்வதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு தைரியம் வேண்டும்! ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். "மேற்றிராணியார் அல்லாதவர் வைத்த கை செல்லுமா? பட்டம் பலிக்குமா?" என்று போப்பின் ஆட்கள் கேள்வி போட்டார்கள். இந்த ஒரு கேள்வியில் பாதிப்பேருக்கு மேல் ஆடிப்போய்விட்டார்கள். சிலுவையைப் பிடித்துச் செய்த சத்தியம் போய்விட்டது, கூட்டம் கூட்டமாய்த் திரும்பினார்கள். மீந்து நின்றவர்களுக்கும் மனதில் பயம். அவர்கள் வெளியூருக்கு எழுதி, 1665-இல் அந்தியோக்கியா சபையைச் சேர்ந்த கிரிகோரியோஸ் என்பவர் வந்த பிறகே நிம்மதி அடைந்தார்கள். அதாவது, லிஸ்பன் எஜமானை வேண்டாமென்று சத்தியம் செய்தவர்கள் அந்தியோக்கியா எஜமானைத் தேடிக்கொண்டார்கள். அந்த அந்தியோக்கியாத் தலைவருக்கு அதிகாரம் உண்டா, உள்ளூர்த் தலைவருக்கு அதிகாரம் உண்டா என்று அந்தச் சபையில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டு, கோயிலைப் பூட்டிக்கொண்டு, பிணத்தை அடக்கம் செய்வதற்குக்கூடச் சண்டை போட்டுக்கொண்டு, கோர்ட்டுக்குக் கோர்ட்டாக நடந்து, 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியும் சச்சரவு ஓயவில்லை.

ஆகவே, கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர்களை ஆண்டது போர்ச்சுகல் பீரங்கி மாத்திரமல்ல. பீரங்கி 1663-இல் போய்விட்டது. டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்துப் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டார்கள். போகச் சொல்லிக் கெடுவைத்த பிறகே, வேறு வழியில்லாமல், ரோமாபுரி அனுப்பிய பாதிரியார் அவசர அவசரமாகப் பறம்பில் சாண்டி என்ற மலையாளிக்குக் கைவைத்து மேற்றிராணியாராக்கிவிட்டுக் கப்பலேறினார். பீரங்கி போனாலும் போகாமல் நின்றது அந்தக் "கை" என்ற நம்பிக்கை. மேலேயிருந்து இறங்கி வந்தால்தான் அதிகாரம், கீழேயிருந்து ஜனங்கள் கொடுத்தால் அது அதிகாரமல்ல என்று ஒருவன் நம்பிவிட்டானேயானால், அவனைக் கட்டிவைக்கச் சங்கிலி வேண்டியதில்லை. அவனே எஜமானைத் தேடிக்கொண்டு கப்பலேறிப் போவான்.

கப்பலேறிப் போனவர்களும் உண்டு. 1778-இல் கரியாட்டில் யோசேப்பு, பாறேம்மாக்கல் தோமா என்ற இரு மலையாளக் குருக்கள் தமிழ்நாட்டு வழியாக வந்து, நம் சென்னையில் கப்பலேறி, லிஸ்பனுக்கும் ரோமாபுரிக்கும் போனார்கள். தங்கள் ஜனங்களின் குறையைச் சொல்லிக்கொள்வதற்காகப் போனார்கள். ரோமாபுரியில் அவர்களுக்கு நல்ல மரியாதை கிடைக்கவில்லை. கடைசியில் போர்ச்சுகல் ராணி கரியாட்டிலை ஆர்ச்பிஷப்பாகப் பெயர் சொல்ல, 1783-இல் லிஸ்பனில் பட்டம் கிடைத்தது. எட்டு வருஷம் கழித்து, 1786-இல் திரும்பி வந்தவர் கோவாவோடு நின்றுவிட்டார். அங்கேயே இறந்துபோனார். அதைப் பற்றி மலையாளத்தில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆதாரமில்லாததைப் பேச நான் வரவில்லை. கூடப்போன பாறேம்மாக்கல் அந்தப் பிரயாணத்தையெல்லாம் ஒரு புஸ்தகமாக எழுதிவைத்தார். இந்தியரை இந்தியரே ஆளவேண்டும் என்ற நியாயத்தை, காங்கிரஸ் என்ற பெயரே உலகத்தில் இல்லாத காலத்தில், கோயில் நிர்வாகத்தை வைத்து அதில் வாதாடியிருக்கிறார். அது அச்சில் வந்தது 1936-இல்தான். ரோமாபுரிக்கு உட்பட்ட சுரியானிகளுக்குச் சொந்த நாட்டு மேற்றிராணியார் மூவரை நியமிக்கப் போப்பானவருக்கு 1896-ஆம் வருஷம் வரையில் மனம் வரவில்லை.

இனி மயிலாப்பூருக்கு வருவோம். 1606-இல் மயிலையை ஒரு மேற்றிராசனமாக்கினார்கள். அதற்கு ஆளைச் சொல்லும் உரிமை போர்ச்சுகல் ராஜாவுடையது. போர்ச்சுகல்காரன் கையிலிருந்த சாந்தோமை 1662-இல் கோல்கொண்டா சுல்தான் பிடித்தார். 1749-இல் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான். ஆக மயிலையில் ஒரு சாண் பூமியும் போர்ச்சுகலுக்குக் கிடையாது. ஆனால் மேற்றிராணியாரைச் சொல்லும் உரிமை மாத்திரம் கிழியாத பட்டாவாக இருந்தது! சென்னைக் கோட்டையில் இங்கிலீஷ்காரர் தயவில் எப்ரேம் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கோயில் நடத்தினார். அவரை 1649-இல் மயிலைப் போர்ச்சுகீசியர் பிடித்து, கோவாவிலிருந்த மத விசாரணைக் கோர்ட்டுக்கு அனுப்பிச் சிறையில் வைத்தார்கள். இத்தனைக்கும் இருவரும் கத்தோலிக்கர், இருவருக்கும் ஒரே போப், ஒரே பூசை.

பிற்காலத்தில் போப்பானவரே போர்ச்சுகலின் தொல்லை பொறுக்க முடியாமல், 1832-இல் சென்னைக்குத் தம் சார்பில் தனியாக ஒருவரை நியமித்தார். 1838-இல் மயிலை மேற்றிராசனத்தையே எடுத்துவிட்டதாக உத்தரவு போட்டார். கோவாக் கட்சிக் குருக்கள் அதற்குக் கீழ்ப்படியவில்லை. ஊருக்கு ஊர் கோவாக் கட்சி, ரோமாபுரிக் கட்சி என்று ஏற்பட்டது. 1886-இல் ராஜிசெய்து கொண்டு, சென்னைக்கு ஒரு ஆர்ச்பிஷப், சில மைலுக்கு அப்பால் மயிலைக்கு ஒரு பிஷப் என்று இருவரை வைத்தார்கள். பரிசுத்த ஆவியானவர் பாரிமுனையில் ஒருவிதமாகவும், சாந்தோமில் வேறுவிதமாகவும் பேசினார் போலும்!

1910-இல் போர்ச்சுகலில் ராஜாவையே துரத்திவிட்டார்கள். குடியரசாக்கி, மதத்துக்கும் சர்க்காருக்கும் சம்பந்தமில்லை என்று சட்டமும் செய்தார்கள். அப்படியும் மயிலைக்கு மேற்றிராணியார் வருவதற்கு லிஸ்பனிலுள்ள குடியரசுத் தலைவரின் சம்மதம் தேவையாயிருந்தது. 1947-இல் வெள்ளைக்காரன் போனான். மூவர்ணக் கொடி கோட்டையில் பறந்தது. அப்பொழுதும் மயிலைப் பீடத்தில் போர்ச்சுகீசியரே உட்கார்ந்திருந்தார். 1950-இல்தான் போர்ச்சுகல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952-இல் சென்னையும் மயிலையும் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றான பீடத்திலும் முதலில் உட்கார்ந்தவர் பிரெஞ்சு தேசத்தில் பிறந்தவர். தமிழரான அருளப்பா வந்தது 1966-இல். 1606-க்கும் 1966-க்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூற்றறுபது வருஷம்!

இப்பொழுது ஒரு தோழர் எழுந்து, "அப்படியானால் அந்நியன் போய் நம்மவன் வந்தால் சரியாய்ப் போய்விட்டதா?" என்று கேட்பீர்களானால், அதுதான் சரியான கேள்வி. அங்கேதான் நமக்குச் சங்கடமான விஷயம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

மலையாளத்துச் சுரியானிகள் அந்நிய மேற்றிராணியாரை எதிர்த்தது நியாயமே. ஆனால் அவர்களே தீட்டுப் பார்த்தவர்கள், தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவனைக் கோயிலில் சேர்க்காதவர்கள். அந்த மக்களைத் தலைவர் நியமனத்தில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? இந்தியாவிலிருந்து லத்தீன் சபையில் முதலில் மேற்றிராணியாரானவர் யார் தெரியுமா? 1637-இல் மத்தேயு தெ காஸ்திரோ. அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவே கோவா ஆர்ச்பிஷப் மறுத்து, அவர் ரோமாபுரி போய்ப் பெற்றார். அவர் கோவாவில் மதம் மாறிய பார்ப்பனக் குடும்பத்தவர். எந்தப் பந்தியானாலும் முதல் இலை யாருக்கு விழுகிறது பார்த்தீர்களா?

இதற்கு நேர் எதிரிடையாக ஒன்று சொல்லுகிறேன். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். அங்கே மாதாகோயிலைக் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்து, வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருந்தார்கள். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எந்தக் காலத்தில்? பிரெஞ்சுச் சேசு சபைப் பாதிரிகள் நிர்வாகத்தில். எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் யார்? நம் தமிழர்களான வெள்ளாளக் கிறிஸ்தவர்கள். சென்னை ஹைகோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். ஆக, சுவர் வேண்டும் என்றவன் சுதேசி, இடித்தவன் விதேசி! அதற்காக விதேசியைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டியதில்லை. நானூறு வருஷத்துக்கு முன் மதுரையில் நொபிலி பாதிரியார் பூணூலும் சந்தனமும் தரித்துக்கொண்டு மேல்சாதிக்குத் தனி வழி போட்டபோது, 1623-இல் அதற்கு அனுமதி கொடுத்தவரும் விதேசியான போப்பாண்டவரே. சுவருக்கு அஸ்திவாரம் போட்டவன் விதேசி, அதை உயர்த்திக் காவல் காத்தவன் சுதேசி, நெருக்கடி வந்தபோது இடித்தவன் மறுபடியும் விதேசி. சுவருக்கு இந்தப் பக்கம் வெய்யிலில் நின்றவனை மூன்று பேரும் கேட்கவில்லை.

பிறகு மாறுதல்கள் வந்தன. இல்லையென்று சொல்வது யோக்கியமல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் இங்கிலீஷ் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். தூத்துக்குடியில் 1923-இல் பரதவர் குலத்துப் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் மேற்றிராணியார் ஆனார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதன்முதலாக ஒரு கர்தினால் ஏற்பட்டது 2022-இல். அய்தராபாத்து ஆர்ச்பிஷப் அந்தோணி பூலா என்பவர் அவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியார் தாழ்த்தப்பட்டோர். அவர்கள், "எங்கள் எண்ணிக்கைக்குத் தக்கபடி எங்களிலிருந்து மேற்றிராணியார்கள் எங்கே?" என்று கேட்டுப் போராடி வருகிறார்கள். பிஷப் மாளிகை வாசலில் கறுப்புக்கொடியும் பிடிக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று நாம் பகிரங்கமாகச் சொல்லவேண்டும். கடவுள் இல்லை என்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கோயில் நுழைவுக்கு நாம் போராடியது சாமி கும்பிடுவதற்காகவா?

இந்த மேற்றிராணியார்களை இன்றைக்கும் நியமிக்கிறவர் ரோமாபுரியிலுள்ள போப்பானவரே. தமிழன் உட்கார்ந்திருக்கிறான் என்பது உண்மை. உட்கார வைத்தது தமிழ் ஜனங்களா என்று கேட்டால், இல்லை. அதே கிறிஸ்தவ மதத்தில் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் வோட்டுப் போட்டுப் பெயர்களைப் பொறுக்கி அனுப்புகிறார்கள். அந்த எலெக்ஷனில் சாதியும் பணமும் விளையாடுகிறது என்று அவர்களே கோர்ட்டுக்குப் போகிறார்கள். விளையாடட்டும். பஞ்சாயத்து எலெக்ஷனில் விளையாடவில்லையா? அதற்காகப் பஞ்சாயத்துத் தலைவரை லிஸ்பனிலிருந்து அனுப்பச் சொல்லலாமா? வோட்டு இருக்கிற இடத்தில், அடுத்த தடவை இவனைத் தள்ளிவிடலாம் என்ற ஒரு வழியாவது மிஞ்சுகிறது. கைவைத்து வந்தவனைத் தள்ளுவதற்கு எந்த வழியும் இல்லை.

இந்துத் தோழர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தீர்கள். சிரித்தது சரி. உங்கள் கோயில் கர்ப்பக்கிருகத்துக்குள் யார் போகலாம் என்று நியமிக்கிறவன் யார்? லிஸ்பன் ராஜாவா, போப்பா? இருவருமில்லை. பிறப்பு! கிறிஸ்தவனுக்காவது கையை வைத்தால் பட்டம் கிடைக்கிறது, யார் தலையிலும் வைக்கலாம். இங்கே தாயின் வயிற்றிலேயே பட்டம் கட்டியாகிவிடுகிறது. 1970-இல் பரம்பரை அர்ச்சகப் பாத்தியதையை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். பெரியார் இதற்காகவே கடைசி மூச்சு வரை கிளர்ச்சி பேசினார். 2006-இல் எல்லாச் சாதியாருக்கும் அர்ச்சகர் பயிற்சிக்கு வழி செய்தார்கள். படித்து முடித்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் வேலையில்லாமல் அலைந்தார்கள். 2021 ஆகஸ்டு 14-இல் அவர்களில் சிலருக்கு நியமன உத்தரவு கிடைத்தது. அதற்கும் ஆகமத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார்கள். "இந்தக் கை தொட்டால் சாமிக்குத் தீட்டு" என்கிற வாதமும், "அந்தக் கை வைக்காவிட்டால் பட்டம் பலிக்காது" என்கிற வாதமும் இரண்டல்ல. இரண்டிலும் கோயிலைக் கட்டியவன் கை மாத்திரம் கணக்கில் வருவதில்லை.

உங்கள் பக்கத்துக் கிராமங்களில் அறநிலையத் துறைக் கோயில் எத்தனை இருக்கிறது, அதில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் யாராவது நியமனமாகியிருக்கிறார்களா என்பதை இங்குள்ள தோழர்கள் விசாரித்து ஒரு ஜாபிதா தயார் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் பதில் சொல்லித் தீர வேண்டும். அதேபோல, பழவேற்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவத் தோழர்கள் தங்கள் கோயில் வரவு செலவுக் கணக்கைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்கட்டும். கணக்கு கேட்பதற்கு யாரும் யார் தலையிலும் கைவைக்க வேண்டியதில்லை.

கடைசி ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று தலைவர் சொல்லுகிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள், பெயர் போட்டோ போடாமலோ, சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். கிறிஸ்தவத் தோழர்கள் கேட்கும் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லுகிறேன்.